மாரியாத்தாளுக்குக் கொடுத்த அச்சாரம்

எங்கள் ஜின்னிங் பேக்டரியின் பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்த வருஷம் அது. அந்தத் தீயைப் பார்த்தவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறோமோ தெரியாது. பஞ்சுத் தீ ஓலைத் தீ மாதிரி கொழுந்துவிட்டு எரிந்து முடிந்துபோவது அல்ல. மேலே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவோம். மறுநாள் ஒரு பேலை, அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டையை, பிரித்தால் நடுவில் கங்கு சிவப்பாக இருக்கும். பங்குனி வெயிலில் அந்தப் பேல்களை இழுத்து இழுத்து வெளியே போட்டபோதுதான் எனக்கு முதல்முதலாக இருமலில் ரத்தம் வந்தது. புகை குடித்ததால் வந்தது என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் பேலை இழுக்கப் போனேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எங்கேயாவது சுற்றிக்கொண்டு போனேன் என்றால் அது என் பழக்கம். அவள் மேல் குற்றமில்லை.

என் பெயர் சாமியப்பன். சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். மழை இல்லாத காலத்தில் நானும் என் மனைவி ராமாத்தாளும் திருப்பூருக்கு வந்தோம். நான் ஜின்னிங்கில் மிஷினுக்குப் பருத்தி போடுகிறவன். கொட்டையும் பஞ்சும் தனித்தனியாகப் பிரிந்து விழும். ராமாத்தாள் பருத்தி மண்டியில் தூசி பொறுக்குகிற வேலைக்குப் போனாள். சாயங்காலம் இரண்டு பேர் தலையும் வெள்ளையாக இருக்கும். "கெழவனும் கெழவியும் வந்துட்டாங்கோ" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணுவாள். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், விடிகாலையில் வேர்வை. தர்மாஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் முதல் சளியை அதில் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தச் சளியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இருந்தது. பிறகு நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் விலா எலும்பெல்லாம் பனையோலை ஈர்க்கு மாதிரி தெரிந்தது. இடது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே, ஒரு கோழிமுட்டை வைக்கிற அளவுக்கு ஒரு வட்டம். "இது குழி. நுரையீரலை அரித்துத் தின்றிருக்கிறது. டி.பி." என்றார்.

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் செத்தவன் கணக்குத்தான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "இப்பத்தாங்க குடிச்சுப்போட்டு வாரோம்" என்பார்கள். மூலனூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் எங்கே குடித்தார்களோ.

என்னைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊரைத் தாண்டி, சுற்றிலும் காடு. வார்டு நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஜன்னல், ஒன்றையும் மூட மாட்டார்கள். காற்றுதான் பாதி மருந்து என்பார்கள். இடுப்பில் தினம் ஊசி. ஊசி போடப்போட காதுக்குள் சிள்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அது இன்றைக்கும் போகவில்லை, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறது. அப்புறம் கை நிறைய மாத்திரை. தின்றால் குமட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிப்பார்கள். அடுத்த மணி அடிக்கிறவரை யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, இருமல் வந்தால்கூட அடக்கிப் பார்க்க வேண்டும். புண் ஆறுவதற்கு நுரையீரலுக்கு ஓய்வாம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அத்தனை ஆண்கள் கண்ணைத் திறந்துகொண்டு, அசையாமல், வாய் பேசாமல் மல்லாந்து கிடப்பார்கள். வெளியிலிருந்து புதிதாக வந்து பார்க்கிறவன் பயந்து ஓடிவிடுவான். எனக்கு ராத்திரி பயமில்லை. ராத்திரி ஒருவன் புலம்புவான், ஒருவன் தண்ணீர் கேட்பான். அந்த மத்தியானம்தான் பயம்.

பக்கத்துக் கட்டில்காரர் சவரிமுத்து, தாராபுரம் ரோட்டில் வண்டிமாடு வைத்திருந்த கிறிஸ்தவர். எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்தவர். வெயில் காலத்திலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார், குளிக்கவும் தனியாகத்தான் போவார். ஒருநாள் அவரிடம், "அண்ணா, தெனமும் செபமாலையை உருட்டறீங்களே, சாமிகிட்ட என்னதான் கேப்பீங்க?" என்றேன்.

"பொழைக்க வையின்னு ஆரம்பத்துல கேட்டனுங்க தம்பி. அது நொம்பப் பெருசா இருந்துச்சு, நெஞ்சுல நிக்கல. இப்ப இந்த மத்தியானத்தைத் தாட்டி வுடு மாதாவேன்னு மட்டும் கேக்கறனுங்க. அடுத்த மணி அடிச்சா, கேட்டது கெடச்சுப்போச்சு. தெனமும் ஒண்ணு கெடைக்குதுங்க."

நான் சிரித்தேன். ஆனால் மறுநாள் மணி அடித்ததும் எங்கள் ஊர் மாரியாத்தாளை நினைத்து அதையேதான் கேட்டேன். ஆத்தா, இந்த மத்தியானம். அதற்கு மேல் வேண்டாம்.

ராமாத்தாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். கட்டுச்சோறு வார்டுக்குள் கூடாது என்பதால் வேகவைத்த முட்டையை மடியில் மறைத்துக் கொண்டுவருவாள். நர்ஸம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். ஜின்னிங்கில் கூட வேலை செய்தவர்கள், அவள் ஒரு வாரம்கூட வராமல் இருக்கக் கூடாது என்று பஸ் காசை ஆளுக்கொரு வாரம் முறை வைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் வார்டுக்குள் வந்ததில்லை, பயம். ஆனால் அந்த முறை ஒருநாளும் தவறவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. சளியில் பூச்சி போகவில்லை. ஆடி நோம்பி, எங்கள் பக்கத்து ஆடிப் பண்டிகை, கழிந்த சமயம், எனக்கு மத்தியானங்களில் ஒன்று வர ஆரம்பித்தது. கனவு என்று சொல்ல முடியாது, நான் தூங்குவதில்லையே.

நான் நிற்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவன் நிற்கிறேன். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருக்கிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முகத்தில் வெயில் சுடுகிறது, ஆனால் ஒரே இருட்டு. எங்கேயோ ஆட்டுக் கழுத்து மணி கேட்கிறது, வேப்பமரத்தில் காற்று கேட்கிறது. எனக்கு வலது பக்கமும் இடது பக்கமும் யாரோ வரிசையாக நிற்கிறார்கள். ஆள் நிற்கிறான் என்று உடம்புக்குத் தெரிகிறது. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

சவரிமுத்துவிடம் சொன்னேன். "மருந்துச் சூடுங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு மாலையை எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு மத்தியானம் அப்படி நின்றுகொண்டிருக்கிறேன். உச்சந்தலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. ஜன்னல் சாரல் என்று நினைத்தேன், என் போர்வை நனையவில்லை. தண்ணீர் தோளில் ஊறி உள்ளே போகிறது. இடது கழுத்தெலும்புக்குக் கீழே பொதபொதவென்று ஆகி, வரப்பு உடைகிற மாதிரி மெதுவாக உள்வாங்கியது. வலியே இல்லை. கண்ணைத் திறந்தபோது வாயெல்லாம் ரத்தம். கொப்பளித்துத் துப்புகிற ரத்தமில்லை, கிண்ணம் பிடிக்கிற ரத்தம்.

பெரிய டாக்டர் வந்தார். ரத்தம் நின்ற பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"சாமியப்பா, உன் குழியின் சுவர் தடித்துவிட்டது. மருந்து உள்ளே போகவில்லை. இனி அது தானாக மூடாது. முதுகுப் பக்கமாகத் திறந்து மேல் விலா எலும்பு சிலதை எடுத்துவிடுவோம். எலும்பு இல்லாவிட்டால் நெஞ்சு அந்த இடத்தில் உள்ளே அமுங்கும். அமுங்கினால் குழி நசுங்கி மூடிக்கொள்ளும். புரிகிறதா?"

"எலும்பு மறுக்கா மொளைக்குங்களா?"

"அமுங்கின நிலையிலேயே கெட்டியாகிவிடும். தோள் கொஞ்சம் சாயும். செய்யாவிட்டால் அடுத்த தடவை ரத்தம் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. செய்தாலும் ஆபத்து உண்டு, அதையும் மறைக்கவில்லை. உன் மனைவி வந்து கைநாட்டு வைத்தால்தான் செய்வோம்."

ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாள் வந்தாள். முட்டை கொண்டுவரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நாம ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

"என்ன புள்ள ஆச்சு? டாக்டர்கிட்டப் பேசுனியா?"

"இன்னும் இல்லீங்க. நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மாரியாத்தா கோவிலுக்குப் பக்கத்தில் வேப்பந்தோப்பு இருக்கிறது. நோய் வந்தவர்கள், பிழைத்தால் உருவாரம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். உருவாரம் என்றால் மண்ணால் செய்து சுட்ட உருவம். மாட்டுக்கு வேண்டினால் மாடு, குழந்தைக்கு வேண்டினால் குழந்தை. பிழைத்த பிறகு குயவரிடம் சொல்லிச் செய்து, சுண்ணாம்பு அடித்து, ஆத்தாளுக்கு எதிரில் வரிசையில் நிறுத்தி, கடைசியாகக் கண் எழுதுவார்கள். அந்தத் தோப்பில் இடுப்பு உயர மண் மனிதர்கள் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். பழையதெல்லாம் மழையில் மூக்கும் வாயும் கரைந்து, யார் என்று தெரியாமல் நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள்கூட உச்சி வெயிலில் அதற்குள் போக மாட்டார்கள்.

ராமாத்தாள் பருத்தி மண்டியில் வேலை பார்க்கிறவள். மண்டியில் ஒரு நடைமுறை உண்டு. சரக்கு இன்னும் காட்டில் நிற்கும்போதே வியாபாரி அச்சாரம் கொடுத்துவிடுவான். கொஞ்சமாக இருந்தாலும் அச்சாரம் வாங்கியவன் பேச்சு மாறக் கூடாது, வேறொருவனுக்கு விற்கக் கூடாது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், ஆத்தாளிடமும் அப்படியே செய்துவிட்டாள்.

"பொழச்சா வெக்கறேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் முன்னாலயே வெச்சுப்போட்டா, ஆத்தா வாங்கிக்கிட்டா, அப்பறம் பேச்சு மாற முடியாதில்லீங்க? அதுதான் நாச்சிமுத்துப் பூசாரிகிட்டச் சொல்லி உங்க உருவாரம் செய்யச் சொன்னனுங்க."

நாச்சிமுத்து எங்கள் ஊர்க் குயவர், கோவில் பூசாரியும் அவரேதான். முதலில் மாட்டேன் என்றாராம். இவள் அவர் வீட்டு வாசலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். கடைசியில் செய்து கொடுத்தார். ஆனால் கண் மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஆளு நடந்து வரட்டும் அம்மிணி, அப்ப எழுதலாம். கண்ணில்லாமத்தான் நிக்கும்" என்றாராம்.

நான் குறுக்கிட்டுக் கேட்டேன். "எப்ப வெச்ச?"

"ஆடி நோம்பி கழிஞ்சுங்க."

அதற்கு மேல் நாளைக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சரி, வெச்சா வெச்சுட்டுப் போ. இப்ப ஏன் அழுவற?"

"இந்த மழையில உளுந்துபோச்சுங்க. முழுசா உளுகல. இங்க" என்று தன் இடது கழுத்தெலும்புக்குக் கீழே கையை வைத்தாள். "இந்த எடம் மட்டும் உள்ள அமுங்கிப்போச்சு. பக்கத்துல நிக்கற எதுக்கும் ஒண்ணும் ஆகல. நான் அவசரப்படுத்துனதுல சரியா வேகலைன்னு பூசாரி சொல்றாருங்க. வேகலைன்னா காலு கரையோணும், தலை கரையோணும். அந்த எடம் மட்டும் ஏனுங்க? ஆத்தா அச்சாரத்தைத் திருப்பிப்போட்டா. ஆளைக் குடுக்க மாட்டேங்கறா."

அப்போதுதான் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். நெஞ்சு அமுங்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெக்க மாட்டனுங்க. என்ற கையால நாட்டு வெக்க மாட்டன். செத்தாலும் ஊட்டுலயே முழுசாச் சாவுங்க."

எனக்கும் அவள் பேச்சுத்தான் சரி என்று பட்டது. உண்மையைச் சொல்கிறேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு மத்தியானமாகக் கேட்டு வாங்கியவன், அந்த நேரத்தில் ஆத்தாள் பெயரைச் சொல்லக்கூட நாக்கு எழவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். துணிமூட்டையைக் கட்டச் சொன்னேன்.

பின்னால் சவரிமுத்து எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கமுங்க அம்மிணி அமுங்குச்சு?"

"எடது பக்கமுங்க."

"எங்க, மறுக்கா கையை வெச்சுக் காட்டுங்க."

அவள் காட்டினாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த மனிதரை நான் சட்டையில்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இடது கழுத்தெலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கி, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளின மாதிரி பள்ளமாக இருந்தது. தோள் சாய்ந்திருந்தது. முதுகில் தோள்பட்டையைச் சுற்றி நீளத் தழும்பு. அந்தப் பள்ளம் மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் அசைந்தது.

ராமாத்தாள் எழுந்துவிட்டாள். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்நிய ஆண்பிள்ளையின் நெஞ்சை அப்படிப் பார்க்கிறோமே என்கிற கூச்சமெல்லாம் அவளுக்கு இல்லை.

"இதேதானுங்க" என்றாள். "அச்சு அசல் இதேதான்."

"எலும்பெடுத்தது தம்பி இங்க வர்றதுக்கு முந்தின தையிலங்க. இப்ப மூணு தடவை சளி பாத்துட்டாங்க, பூச்சி இல்லை. இந்த மாசக் கடைசியில ஊட்டுக்குப் போறனுங்க." பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "உங்க சாமியைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. ஆனா பொழச்ச ஆளோட உருவத்தைத்தானே வெக்கறீங்க? பொழச்ச ஆளு இப்படித்தானுங்க இருப்பான்."

மழையில் ஊறிய பச்சை மண் சரிந்ததா, ஆத்தாள் கையை வைத்து அழுத்தினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேச மாட்டேன்.

"வலிக்குங்களா?" என்று ராமாத்தாள் கேட்டாள்.

"வலிக்காம எப்படிங்க அம்மிணி, எலும்பை உருவறதுக்கு நாம என்ன வெந்த கோழியா? ஆளே முழிச்சிட்டிருப்பான், மரத்துப்போற ஊசிதான் போடுவாங்க. நான் டாக்டரை வாய்க்கு வந்தபடி வஞ்சுபோட்டன். அப்பறம் மன்னிப்புக் கேட்டன்."

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

ஆபரேஷனை நீட்டிச் சொல்லப் போவதில்லை. என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். வலி தெரியவில்லை, சத்தம் தெரிந்தது. கருவேல மரத்தில் கிளை கழிக்கிற சத்தம், என் உடம்புக்குள்ளிருந்தே. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆத்தா, இது ஒண்ணு, இதை மட்டும் என்றேன். அடுத்ததைப் பற்றி யோசிக்கவில்லை. பிறகு அமுங்கின இடம் மறுபடி எழும்பாமல் இருக்க நெஞ்சின் மேல் மணல் மூட்டையை வைத்தார்கள். எத்தனையோ நாள் அந்த மணலைச் சுமந்துகொண்டு படுத்திருந்தேன். மூச்சை இழுத்தால் மணல் எழும், விட்டால் இறங்கும். வேறு கும்பிடு எதுவும் எனக்கு வரவில்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் என் கும்பிடு. ராமாத்தாளை உள்ளே விடாத நாட்களில் அவள் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். அவள் நிழல் என் காலடியில் வந்து விழும்.

அடுத்த ஆடிக்குள் சளி சுத்தமாகிவிட்டது. ஊருக்குப் போனோம். நாச்சிமுத்துப் பூசாரி தூரிகையோடு தோப்பில் காத்திருந்தார். என் உருவாரத்தை அப்போதுதான் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று மண். இடது நெஞ்சில் பள்ளம். சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றேன். பூசாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மண்ணு வெச்சு அந்தப் பள்ளத்தை மூடிறட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் ராமாத்தாள். "பேசுன சரக்கு வந்துருச்சு. அதுல கையை வெக்காதீங்க."

கண் எழுதும்போது எதிரில் ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வை ஆத்தாள் மேல்தான் விழ வேண்டும். அதனால் நான் உருவாரத்தின் முதுகுக்குப் பின்னால், கோவிலுக்கு முதுகைக் காட்டி, தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசாரி வலது கண்ணை எழுதினார், பிறகு இடது கண். அந்த நொடியில் எனக்கு எதிரே தோப்பு இல்லை. ஆத்தாளின் முகம் இருந்தது. மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, விளக்குக்குப் பின்னால் இருக்கிற முகம். கை நீட்டினால் தொடலாம். கண் இமைத்தேன், மறுபடியும் தோப்பும் வெயிலும். இதை ராமாத்தாள் இருந்தவரை அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாளா, சந்தோஷப்படுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு இத்தனை வருஷம் ஒரு நுரையீரலும் ஒன்றின் பாதியுமாக உழைத்தேன். பனியன் கம்பெனியில் வெட்டின துணிப் பீஸ்களைக் கட்டுக் கட்டினேன், பிள்ளைகளைப் பெற்றேன். இப்போது மருந்து எவ்வளவோ வந்துவிட்டது, யாருக்கும் எலும்பு எடுப்பதில்லை என்கிறார்கள். ஆனால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு யாரோ நிற்கத்தான் செய்கிறார்கள். பயம் போகட்டும், சாமி நல்ல வாக்குக் கொடுக்கட்டும், அப்புறம் கைநாட்டு வைக்கலாம் என்று ஒரு பெண்ணோ பிள்ளையோ வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் இதை என் பெயர் போட்டோ போடாமலோ சொல்லுங்கள். அன்றைக்கு டாக்டர் அறையில் ராமாத்தாளுக்குப் பயம் போகவே இல்லை. கை நடுங்கி, முதல் தரம் கட்டைவிரல் இழுபட்டு மை அப்பிக்கொண்டது, ரேகை விழவில்லை. டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து வைக்க வந்திருக்கிறார்.

"நீங்க வுடுங்க சாமி, நானே வெக்கறன்" என்று சொல்லி, ஆத்தா என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, நடுங்குகிற அதே கையால் மறுபடியும் வைத்தாள். அதைச் சொல்லுங்கள்.